சட்டியில் வாய் வைத்த பூனை

கேள்வி: எங்கள் பூனைக்கு இரண்டு வயது, நான்கு கிலோ எடை. நேற்று மதியம் மூட மறந்த சட்டியிலிருந்த சாளைக் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டது. உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. "நாங்கள் வளர்த்த பூனைகள் எல்லாம் குழம்புச் சோறு தின்றுதான் வளர்ந்தன" என்கிறார் மாமியார். யார் பேச்சைக் கேட்பது? – வாசகி, நாகர்கோவில்

பதில்: அக்காவின் வைத்தியம் வேண்டவே வேண்டாம். உப்பே பூனைக்கு நஞ்சாகிவிடும். புகட்டும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விட்டால் இன்னொரு வினை.

சாளையைப் பற்றிக் கவலை இல்லை, முள் சிக்காதவரை. எச்சில் ஒழுகுவது, வாயைக் காலால் பிறாண்டுவது இரண்டும் முள்ளுக்கு அடையாளம். குழம்பில் அரைத்துச் சேர்த்த சின்ன வெங்காயமும் பூண்டும்தான் என் கவலை. இவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வதக்கினாலும் கொதிக்கவிட்டாலும் அந்தக் குணம் போகாது. எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே கெடுதல் செய்யப் போதும். உங்கள் பூனைக்கு 20 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். பூண்டு இன்னும் குறைவாகவே போதும்.

இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், இன்று பூனை துள்ளி விளையாடும். பாதிப்பு சில நாள் கழித்துத்தான் தெரியவரும். ஆகவே ஒரு வாரம் தினமும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். அது வெளுத்தோ மஞ்சளாகவோ இருந்தால், சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், மூச்சு வாங்கினால், சோர்ந்து படுத்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நக்கியது ஓரிரு வாய்தான் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கால் சட்டி காலியென்றால் அறிகுறிக்காகக் காத்திராமல் இன்றே போய், குழம்பில் எத்தனை வெங்காயம், எத்தனை பல் பூண்டு போட்டீர்கள் என்று சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மாமியார் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தப் பூனைகள் சோற்றோடு எலியும் பல்லியும் பிடித்துத் தின்றன. பூனைக்குக் கட்டாயம் தேவைப்படும் டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் உண்டு. சோற்றில் துளியும் இல்லை. அது குறைந்தால் விழித்திரையும் இதயத் தசையும் கெடும். இதயக் கோளாறுக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு வெளியானதே 1987இல்தான். கதவைச் சாத்தி வளர்க்கும் பூனைக்கு எலிக்கு எங்கே போவது? அன்றாடத்துக்குப் பூனைகளுக்கென்றே தயாரித்த தீனியைக் கொடுங்கள். பாலையும் நிறுத்திவிடலாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத்தான் தரும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: பூனை சோர்ந்து கிடக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

மீன் வாசனைக்குக் காலைச் சுற்றும்போது மாமியாருக்கு மனம் கேட்காதுதான். மசாலா கூட்டுவதற்கு முன்பே ஒரு துண்டை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து அவர் கையாலேயே வைக்கட்டும். அது அன்றைய தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.