ஃபோல்டரை அழித்தாச்சு, பட்டியலில் பெயர் மட்டும் ஏன் போகவில்லை?

கேள்வி: பழைய பில்லிங் மென்பொருள் வேண்டாமென்று அதன் ஃபோல்டரை அப்படியே டெலீட் செய்துவிட்டேன். சி டிரைவில் இடம் போதாமல் வேறு சில ஃபைல்களையும் அழித்தேன். கன்ட்ரோல் பேனல் பட்டியலில் பெயர் இன்னும் இருக்கிறது. அன்இன்ஸ்டால் கொடுத்தால் ஒரு எம்எஸ்ஐ ஃபைலைக் கேட்கிறது. புது வெர்ஷனைப் போட்டால் 1714 என்ற பிழை வந்து நின்றுவிடுகிறது. டிஸ்க்கில்தான் ஒன்றுமே இல்லையே, எதை நீக்கப் பார்க்கிறது?

பதில்: ஒரு மென்பொருள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விண்டோஸ் அதன் ஃபோல்டரைத் தேடிப் போவதில்லை. ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைக் குறித்து வைக்கும் இடத்தில், உள்ள கணக்கைத்தான் புரட்டுகிறது. சரக்கை வெளியே போட்டுவிட்டீர்கள், பேரேட்டில் வரவு அப்படியே நிற்கிறது.

நீங்கள் பார்க்கும் பட்டியல் வருவது, ஹெச்கேஎல்எம் > சாஃப்ட்வேர் > மைக்ரோசாஃப்ட் > விண்டோஸ் > கரன்ட்வெர்ஷன் > அன்இன்ஸ்டால் என்ற கீயிலிருந்து. கீ என்பது ரெஜிஸ்ட்ரியில் ஃபோல்டர் மாதிரி; ஹெச்கேஎல்எம் என்பது ஹெச்கீ லோக்கல் மெஷின் என்பதன் சுருக்கம். 32 பிட் மென்பொருளாக இருந்தால், சாஃப்ட்வேருக்கு அடுத்து வாவ்6432நோட் என்ற கிளைக்குள் இதே பாதை இருக்கும். ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பார்க்கும் ரெஜ்எடிட்டில் உங்கள் மென்பொருளின் பெயரைத் தேடி, அங்குள்ள 'அன்இன்ஸ்டால்ஸ்ட்ரிங்' மதிப்பை (நீக்கும்போது ஓடும் கட்டளை) முதலில் பாருங்கள். அது 'அன்இன்ஸ்000' போல மென்பொருளின் சொந்த ஃபோல்டரில் இருந்த ஒரு இஎக்ஸ்இ ஃபைலைக் காட்டினால் வேலை சுலபம். நீக்கும் ஃபைலே ஃபோல்டரோடு போய்விட்டது, மிச்சம் இருப்பது வெறும் பெயர்தான். அந்த ஒரு கீயை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு டெலீட் செய்தால் பட்டியலிலிருந்து போய்விடும்.

எம்எஸ்ஐ என்பது, விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற விண்டோஸின் சொந்தப் பாகம் படிக்கும் செட்டப் ஃபைல். உங்களிடம் அதைக் கேட்கிறது என்பதால், அங்கே 'எம்எஸ்ஐஎக்ஸெக்' என்றும், நெளி அடைப்புக்குள் ஒரு நீண்ட எண்ணும் இருக்கும். அதுதான் புராடக்ட் கோட், மென்பொருளின் அடையாள எண். இந்த வகையில் அன்இன்ஸ்டால் கீயை மட்டும் அழிப்பது வீண்வேலை. பெயர் மறையும், பழைய வெர்ஷனை நீக்க முடியவில்லை என்று சொல்லும் 1714 மறையாது. விண்டோஸ் இன்ஸ்டாலரின் உண்மையான கணக்கு வேறு இடங்களில் இருக்கிறது; அங்கே புராடக்ட் கோட் புரட்டிப் போட்டு எழுதப்பட்டிருப்பதால், அதே வடிவில் தேடினால் அந்தக் கீகளின் பெயர் சிக்காது. உதாரணமாக, 12345678-1234-5678-1234-567812345678 என்பது அங்கே 87654321432187652143658721436587 என்று இருக்கும். முதல் மூன்று பகுதிகளும் தனித்தனியே பின்னிருந்து முன்னாக, மீதி இரண்டு பகுதிகளில் இரண்டிரண்டு எழுத்தாக இடம் மாற்றி. எழுதிப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

புது செட்டப், 'அப்கிரேட் கோட்' என்ற இன்னொரு எண்ணை வைத்துத் தன் குடும்பத்துப் பழைய வெர்ஷன் கணக்கில் இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் முதலில் அதை நீக்கச் சொல்கிறது. நீக்குவதற்கான குறிப்பு, முதன்முதலில் இன்ஸ்டால் செய்தபோது சி டிரைவில் விண்டோஸ் > இன்ஸ்டாலர் என்ற மறைந்த ஃபோல்டரில் சம்பந்தமில்லாத பெயரில் பிரதி எடுத்து வைத்த எம்எஸ்ஐயில் இருக்கிறது. மென்பொருளின் ஃபோல்டர் மட்டும் போயிருந்தால் பெரும்பாலும் நீக்கம் சரியாகவே நடந்திருக்கும். இல்லாத ஃபைலைத் தாண்டிப் போய்விடும். இடத்துக்காக நீங்கள் அழித்தவற்றில் இந்தப் பிரதியும் இருந்திருக்க வேண்டும். அந்த ஃபோல்டர் பல ஜிபி பிடித்தாலும் கை வைக்காதீர்கள். வீடு பெருக்கும்போது பத்திரத்தைத் தூக்கிப் போடுவது மாதிரி.

சரிசெய்ய, அதே பழைய வெர்ஷனின் செட்டப் வேண்டும். ஒரே இஎக்ஸ்இயாக இருந்தால் அதை ஓட்டி, முதல் திரை வந்ததும் எதையும் அழுத்தாமல், தற்காலிக ஃபைல்கள் சேரும் டெம்ப் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பல சமயம் எம்எஸ்ஐ அங்கே விரிந்து கிடக்கும், நகலெடுத்துக்கொள்ளலாம். பிறகு அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, 'எம்எஸ்ஐஎக்ஸெக் /எஃப்வி' என்று ஆங்கில எழுத்தில் டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எம்எஸ்ஐயின் முழுப் பாதையைக் கொடுங்கள். 'வி' என்ற எழுத்துதான் இங்கே முக்கியம்: தொலைந்த பிரதியை மறுபடி எடுத்து வைக்கச் சொல்வது அது. 1605 என்ற பிழை வந்தால், நீங்கள் கொடுத்தது வேறு வெர்ஷனின் எம்எஸ்ஐ; புராடக்ட் கோட் பொருந்தவில்லை. சரியாக முடிந்தால் தொலைந்த பிரதி திரும்ப வந்திருக்கும். இனி வழக்கம்போல அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பில்லிங் டேட்டா எங்காவது மிச்சமிருந்தால் அதற்கு முன்பே பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள்.

பழைய செட்டப் எங்குமே கிடைக்கவில்லையா? இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் பிரச்சினைகளுக்கென்று மைக்ரோசாஃப்ட் ஒரு டிரபிள்ஷூட்டரை இலவசமாகத் தருகிறது. பட்டியலில் உங்கள் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தால் கணக்கில் உள்ள பதிவுகளைக் கழற்றிவிடும். கையால் ஒவ்வொரு கீயாகத் தேடி அழிப்பதை நான் சொல்லமாட்டேன். ஒன்று விட்டுப்போனாலும் 1714 திரும்ப வரும். ஒன்று கூடப் போனால் வேறு மென்பொருள் படுக்கும்.

இன்ஸ்டால் ஆனவற்றைப் பார்க்க 'டபிள்யூஎம்ஐசி புராடக்ட்' கட்டளையைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். பட்டியலிடும் சாக்கில் ஒவ்வொரு எம்எஸ்ஐ மென்பொருளையும் சோதித்து, குறை தெரிந்தால் ரிப்பேரும் ஆரம்பித்துவிடும்.

பழையதை நீக்கிய பிறகும் புது வெர்ஷன் முரண்டு பிடித்தால், எம்எஸ்ஐஎக்ஸெக்கில் '/ஐ' கொடுத்து இன்ஸ்டால் செய்யும்போது '/எல்' உடன் நட்சத்திரக் குறியும் 'வி'யும் ஒட்டி, ஒரு லாக் ஃபைலின் பெயரும் கொடுங்கள். நோட்பேடில் திறந்து 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். முதலில் அது வரும் இடத்துக்கு மேலே உள்ள பத்து இருபது வரிகளில், எந்தப் படி தோற்றது என்று எழுதியிருக்கும்.