கடைக்காரர் கேள்வி – பதில்: ‘நாளையிலிருந்து நிறுத்துங்க’ என்று சொன்னால்?

காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே நிப்பட்டு (தட்டை) செய்து மளிகைக் கடைகளுக்குப் போடுகிறேன். போன வாரம் வந்த அதிகாரி, “பாக்கெட்டில் லேபிளே இல்லை, தொழிலை நிறுத்துங்க” என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். நிறுத்தத்தான் வேண்டுமா?
— வாசகி, காவேரிப்பட்டணம்

வந்தவர் எந்தத் துறை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேரூராட்சியின் சுகாதாரப் பிரிவினர் சாக்கடை, குப்பை பார்க்க வருகிறவர்கள். லேபிளைப் பார்ப்பவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர். அவருக்கும் மேலே மாவட்டத்தில் நியமன அலுவலர் இருக்கிறார். குறையைத் திருத்தச் சொல்லும் நோட்டீஸை 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவின்படி அந்த நியமன அலுவலர்தான் எழுத்தில் தர வேண்டும். எது குறை, எப்படிச் சரிசெய்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். குறைந்தது 14 நாள் அவகாசமும் தர வேண்டும். நோட்டீஸ் ஏற்க முடியாததாக இருந்தால் 15 நாளுக்குள் உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

ஆனால் பதிவுச் சான்று இல்லாமல் இந்தச் சட்டத்தைப் பேசப் போகாதீர்கள்; அது நமக்கே திரும்பும். சிறு தயாரிப்பாளருக்குப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘பாஸ்காஸ்’ (FoSCoS) இணையதளத்தில் புகைப்படமும் அடையாளச் சான்றும் கொடுத்து விண்ணப்பித்தால் 14 இலக்க எண் வரும். பதிவு என்றால் அது 2-இல் தொடங்கும், உரிமம் என்றால் 1-இல். இடைத்தரகர் ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

லேபிளில் அதிகாரியின் கண் முதலில் போகும் இடங்கள் இவை: பொருளின் பெயர், செய்பவர் பெயரும் முழு முகவரியும், 14 இலக்க எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பது, தொகுதி (பேட்ச்) எண், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொலைபேசி எண். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக எழுத வேண்டும். அரிசி மாவு, எண்ணெய், பொட்டுக்கடலை, நிலக்கடலை என்று உங்கள் அளவுப்படி வரும். நிலக்கடலை ஒவ்வாமை தரக்கூடியது என்பதால் அதைத் தனியாகவும் குறிக்க வேண்டும். மொறுமொறுப்புக்கு ரவையோ மைதாவோ சேர்த்தால் கோதுமையையும் குறியுங்கள். பலர் விட்டுவிடுவது ஓரலகு விலை. 200 கிராம் பாக்கெட் 60 ரூபாய் என்றால் ‘ஒரு கிராம் 30 காசு’ என்று போட வேண்டும்.

லேபிள் சரியாக இருந்தும் மாட்டுவது இரண்டு இடத்தில். ஒன்று எடை. தராசில் கவரோடு வைத்து 200 என்று பார்ப்பார்கள். உள்ளே இருப்பது 196 ஆக இருக்கும். பத்துக் கவரைச் சேர்த்து எடை போட்டு, பத்தால் வகுத்து, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று தேதி. எண்ணெய்க் கையோடு ஒட்டிய சீட்டு கடைக்குப் போவதற்குள் உரிந்துவிடும், பேனா மை அழிந்துவிடும். நிப்பட்டு நன்றாக ஆறிய பிறகு, துடைத்த உலர்ந்த கவரில் ஒட்டுங்கள். சூட்டோடு அடைத்தால் நமுத்தும் போகும்.

கெடு தேதியைப் பக்கத்து வீட்டு பாக்கெட்டைப் பார்த்து எழுதாதீர்கள். ஒரு தொகுதியில் ஆறு பாக்கெட்டை எடுத்து வைத்து, வாரம் ஒன்றாகப் பிரித்து முகர்ந்து பாருங்கள். காறல் வாடை எந்த வாரம் வருகிறதோ அதற்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் தேதி. சீக்கிரமே காறினால் குற்றம் பெரும்பாலும் சட்டியில்தான். பழைய எண்ணெயில் புது எண்ணெயை ஊற்றி ஊற்றிச் சமாளித்தால் புதிதும் கெடும். எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்வதால் உருவாகும் கெட்ட பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அலுவலர் கருவியை முக்கினால் எண் காட்டிவிடும். கருவி இல்லாத நமக்கு அடையாளம்: எண்ணெய் கருத்து, நுரை அடங்காமல் நின்று, வழக்கமான சூட்டுக்கு முன்பே புகைந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

மாங்காய் குடோன் வைத்திருக்கிறேன். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தேன் என்ற சந்தேகத்தில் பழத்தை மாதிரி எடுத்துப் போனார்கள். கேஸ் (வாயு) வைத்துப் பழுக்க வைத்தாலும் தப்பா?
— வியாபாரி, கிருஷ்ணகிரி மாவட்டம்

கார்பைடு கல் முழுத்தடை. அதிலிருந்து வரும் அசிட்டிலீனோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சும் வருவதுதான் காரணம். எத்திலீன் வாயுவுக்கு அனுமதி உண்டு, 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு. பத்துக்குப் பத்து, பத்தடி உயர அறையில் சுமார் 28,300 லிட்டர் காற்று இருக்கும். அதற்கு 100 பிபிஎம் என்றால் 2.83 லிட்டர் எத்திலீன், மூன்று லிட்டர்கூட இல்லை. கூட விட்டால் சீக்கிரம் பழுக்கும் என்பது வீண் நம்பிக்கை. பழத்துக்கு வேண்டியது ஒரு தூண்டல்தான். அறை 20 முதல் 22 டிகிரிக்குள் இருக்கட்டும். பழம் விடும் கரியமில வாயு தேங்கினால் பழுப்பது தடைபடும், அதனால் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை கதவைத் திறந்து காற்றை மாற்றுங்கள். பழப் பெட்டிகளைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். பொட்டலத்தில் வரும் எத்திலீன் தூள் பழத்தில் படக் கூடாது. எத்திபான் என்ற ரசாயனக் கரைசலில் பழத்தை முக்குவதும் கூடாது. முற்றாத பெங்களூரா ரக மாங்காயை எந்தக் கேஸில் வைத்தாலும் தோல் மஞ்சளாகும், உள்ளே புளிப்பு போகாது. வாங்கும்போதே கழித்துவிடுங்கள்.

மாதிரி விஷயத்துக்கு வருவோம். எடுத்த பழத்துக்குச் சில்லறை விலையை அலுவலர் கொடுக்க வேண்டும், எழுத்தில் அறிவிப்பும் தர வேண்டும். மாதிரியை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் முத்திரை வைத்து உங்கள் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு பங்கு அரசு பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலருக்கு. நாலாவது பங்கை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுடையது, செலவும் உங்களுடையது. மாதிரி எடுக்கும்போதே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு. வந்த உறையின் தபால் முத்திரையைப் பத்திரப்படுத்துங்கள், நாள் கணக்குக்கு அது உதவும்.

நகராட்சி எல்லைக்குள் தள்ளுவண்டியில் மாம்பழம் விற்கிறேன். வண்டியையும் பழத்தையும் தூக்கிப் போய்விட்டார்கள்.
— வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பறிமுதல் செய்தால் பொருள் பட்டியல் எழுதி, கையெழுத்திட்டு, ஒரு நகல் உங்களுக்குத் தர வேண்டும். தெரு வியாபாரிகள் சட்டம் 2014, பிரிவு 19. நீங்கள் கேட்டு மனு கொடுத்த அன்றே பழம் திரும்ப வர வேண்டும். வண்டி இரண்டு வேலை நாளில். எனவே மனுவை அன்றைக்கே கொடுத்து, நகலில் நகராட்சி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். சனிக்கிழமை மாலை தூக்கினால் பழத்துக்காக ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். இடத்திலிருந்து அப்புறப்படுத்த 30 நாள் நோட்டீஸ் வேண்டும் என்பது பிரிவு 18. அபராதம் 2,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது, அதற்கும் ரசீது கட்டாயம்.

இந்தச் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக்குத்தான். ஊராட்சி எல்லையில், தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் கூடை வைத்து விற்பவர் இதை நம்பி வாதாடினால் நிற்காது. ஒகேனக்கல் மீன் கடைக்காரர்களும் கவனிக்க.

ஓசூரில் கடைப் பலகையில் கன்னடம் பெரிதாக இருக்கலாமா?
— வாசகர், ஓசூர்

கன்னடம் இருக்கலாம், பெரிதாகக் கூடாது. தமிழ் முதலில், 5 பங்கு, ஆங்கிலம் 3, வேறு மொழி 2. நாலடி உயரப் பலகையில் தமிழுக்கு 24 அங்குலம், ஆங்கிலத்துக்குச் சுமார் 14, கன்னடத்துக்குச் சுமார் 10. பிளக்ஸ் அடிப்பவரிடம் இந்தக் கணக்கை எழுதியே கொடுங்கள். ஆங்கில லோகோவைப் பெரிதாக நடுவில் வைத்துத் தமிழை மூலையில் தள்ளுவது அவர்கள் வழக்கம்.

எலக்ட்ரானிக் தராசுக்கு எப்போது முத்திரை?
— தக்காளி வியாபாரி, பாலக்கோடு

ஆண்டுக்கு ஒரு முறை. இரும்பு எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டு. சான்றைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டுங்கள். பழுது பார்க்க வந்தவர் முத்திரைக் கம்பியை அறுத்தால், சான்றில் நாள் மிச்சம் இருந்தாலும் மறுமுத்திரை போடாமல் அந்தத் தராசில் எடை போடக் கூடாது.