பரிசீலிக்கப்படும்னா என்ன சார் அர்த்தம்?

போன மாசம் சட்டசபை கேள்வி நேரம் பத்தி போகிற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இந்த வாரம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப் எல்லாமே அதே விஷயமாத்தான் இருக்கு. சரி, இந்த தடவை முழுக்க அதையே பாத்துடலாம். நடிகை கல்யாணம் பத்தி கேட்டிருந்த மூணு பேர் மன்னிச்சுக்கோங்க.

எங்க தொகுதிக்கு பஸ் ஸ்டாண்டு வேணும்னு எம்எல்ஏ கேட்டார். அமைச்சர் எந்திரிச்சு "பரிசீலிக்கப்படும்"னு சொல்லிட்டு உக்காந்துட்டார். இது ஆமாவா இல்லையா?
– ரிட்டயர்டு தலைமை ஆசிரியர், மன்னார்குடி

ரெண்டும் இல்ல சார், அதான் அந்த வார்த்தையோட அழகே. நான் இத்தனை வருஷம் கேட்டதுல ஒரு கணக்கு வெச்சிருக்கேன். "இந்த நிதியாண்டிலேயே எடுத்துக்கொள்ளப்படும்"னா நம்பலாம். "சாத்தியக்கூறு ஆராயப்படும்"னா ஒரு இன்ஜினியர் வந்து டேப்பு புடிச்சு அளந்துட்டு போவார். "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்"னா உங்க பேரன் அந்த பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறலாம்.

ஆனா ஒண்ணு, சபையில அமைச்சர் சொன்ன வாக்கு காத்தோட போயிடக்கூடாதுன்னு அதுக்குன்னே ஒரு கமிட்டி இருக்கு. லோக்சபால 1953லயே மாவ்லங்கர் சபாநாயகரா இருந்தப்போ ஆரம்பிச்சது, அரசு உறுதிமொழிக் குழுன்னு பேரு. எந்தெந்த வாக்கியம் சொன்னா அது வாக்குறுதி கணக்குல வரும்னு ஒரு லிஸ்டே வெச்சிருக்காங்க, "பரிசீலனையில் உள்ளது", "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது", "நான் கவனிக்கிறேன்" இதெல்லாம் அதுல வந்துடும். சொன்னதை மூணு மாசத்துக்குள்ள நிறைவேத்தணும், முடியலன்னா டைம் நீட்டிக்க சொல்லி கமிட்டிகிட்ட கேக்கணும். நம்ம சட்டசபைலயும் இதே பேர்ல குழு இருக்கு, மாவட்டம் மாவட்டமா போய் ஆய்வு பண்றதை பேப்பர்ல பாத்திருப்பீங்க. அவங்க உங்க மாவட்டத்துக்கு வர்ற அன்னைக்கு எம்எல்ஏ சட்டையை புடிச்சு (அன்போடதான்) பஸ் ஸ்டாண்டு விஷயம் லிஸ்டுல ஏறிச்சான்னு கேளுங்க.

நட்சத்திரக் கேள்வின்னா என்ன? நட்சத்திர எம்பிங்க கேக்கறதா?
– கல்லூரி மாணவி, தேனி

இல்லம்மா, கேள்வி பக்கத்துல ஒரு ஸ்டார் குறி போடுவாங்க, அவ்ளோதான். நல்ல தமிழ்ல உடுக்குறி வினாம்பாங்க, உடுன்னா நட்சத்திரம். ஸ்டார் போட்ட கேள்விக்கு அமைச்சர் சபையில எந்திரிச்சு வாயால பதில் சொல்லணும். ஸ்டார் இல்லாததுக்கு எழுத்துல பதில் வெச்சா போதும். லோக்சபால ஒரு நாளைக்கு ஸ்டார் போட்டது 20, போடாதது 230. ராஜ்யசபால 15ம் 160ம். குறைஞ்சது 15 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், வர்ற கேள்வி எக்கச்சக்கம்ங்கறதால குலுக்கல்ல எடுக்கறாங்க. அந்த 20ம் கேள்வி நேரம்ங்கற ஒரு மணி நேரத்துல வந்துடுமான்னா வராது, பல நாள் அஞ்சாறு கேள்வியோட மணி பன்னண்டு ஆயிடும், மிச்சத்துக்கும் எழுத்துல பதில்தான்.

அப்ப ஸ்டாருக்கு என்ன மவுசுன்னா, துணைக் கேள்வி. பதில் வந்ததும் கேட்டவர் எந்திரிச்சு "அது சரி, அப்போ இது ஏன்?"னு மடக்கலாம், மத்த எம்பிங்களும் கேக்கலாம். முதல் பதில் ஆபீசர் எழுதிக் குடுத்தது, துணைக் கேள்விக்கு வர்ற பதில்லதான் அமைச்சருக்கு துறை தெரியுமா தெரியாதான்னு வெளிய வரும். 2020 செப்டம்பர்ல கொரோனாவை காட்டி பார்லிமென்டுல கேள்வி நேரத்தையே ரத்து பண்ணாங்களே, எழுத்து பதில் மட்டும் வந்துகிட்டுதான் இருந்துச்சு. அப்படியும் எதிர்க்கட்சி ஏன் அவ்ளோ கத்துச்சுன்னா இந்த துணைக் கேள்வி போச்சேன்னுதான்.

அமைச்சருக்கு மட்டும் எத்தனை கிலோமீட்டர் ரோடு, எத்தனை கோடி எல்லாம் எப்படி மனப்பாடமா தெரியுது?
– டீக்கடைக்காரர், ஒட்டன்சத்திரம்

கையில தடியா ஒரு ஃபைல் இருக்குமே பாத்ததில்லையாண்ணே? இப்படி கேட்டா இப்படி சொல்லுங்கன்னு ஆபீசருங்க முந்தின நாள் ராத்திரி வரைக்கும் உக்காந்து தயார் பண்றது. அதுலயும் இல்லாததை யாராச்சும் கேட்டுட்டா, அதிகாரிங்க உக்கார்ற இடத்துலேர்ந்து துண்டுச்சீட்டு வரும். தப்பில்ல, எல்லாத்தையும் ஒரு ஆள் மண்டையில வெச்சிருக்க முடியாது. சீட்டு வர்ற வரைக்கும் "நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்"னு இழுக்கறாங்க பாருங்க, அதுதான் ரசிக்க வேண்டிய இடம்.

கேள்வி கேட்டு ஒரு அமைச்சரையாவது வீட்டுக்கு அனுப்பியிருக்காங்களா? சும்மா நேரம் போக்குன்னுதான் எனக்கு தோணுது.
– எல்ஐசி ஏஜென்ட், காரைக்குடி

உங்க கம்பெனி கதையவே சொல்றேன் கேளுங்க. 1956ல ஆயுள் இன்சூரன்ஸை தேசியமயமாக்கி எல்ஐசி வந்தாச்சு. மறு வருஷம் ஜூன்லயே ஹரிதாஸ் முந்த்ராங்கற வியாபாரியோட ஆறு கம்பெனி ஷேரை எல்ஐசி வாங்குது, கிட்டத்தட்ட 1 கோடியே 24 லட்சம், அன்னைக்கு அது எவ்ளோ பெரிய காசுன்னு யோசிங்க. முந்த்ரா ஏற்கனவே கடன்ல தத்தளிச்சுகிட்டிருந்த ஆளு. எல்ஐசியோட முதலீட்டு கமிட்டியையே கேக்காம பணம் போயிருக்கு.

பார்லிமென்டுல முதல்ல கேள்வி வந்தப்போ முழு விவரம் வெளிய வரல. விடல, திரும்ப கேட்டாங்க. டிசம்பர்ல பெரோஸ் காந்தி எந்திரிச்சு ஆதாரத்தோட பேசினார் பாருங்க, சபையே ஆடிப்போச்சு. அவர் எதிர்க்கட்சி கிடையாது, ஆளுங்கட்சி எம்பி, பிரதமர் நேருவோட மாப்பிள்ளை! மாமனார் சர்க்காரையே கேள்வி கேட்டார். அந்தப் பக்கம் பதில் சொல்ல வேண்டிய நிதியமைச்சர் யாருன்னா நம்ம மெட்ராஸ்காரர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, டிடிகே கம்பெனிய ஆரம்பிச்சவர்.

பம்பாய் ஹைகோர்ட் தலைமை நீதிபதி சாக்ளாவை விசாரிக்கச் சொன்னாங்க. அவர் கதவை சாத்திகிட்டு விசாரிக்கல, ஜனங்க முன்னாடி விசாரணை, உள்ள இடம் இல்லாதவங்களுக்கு வெளிய லவுட்ஸ்பீக்கர் கட்டியிருந்தாங்க. ஒரு மாசத்துக்குள்ள ரிப்போர்ட் ரெடி. (இன்னைக்கு ஒரு விசாரணை கமிஷன் எத்தனை தடவை காலநீட்டிப்பு வாங்குதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.) டிடிகே, தன்னோட துறை செயலாளர் எச்.எம்.பட்டேல் மேல கைய காட்டினார், சாக்ளா ஒத்துக்கல, துறையில அதிகாரி பண்ணினதுக்கு அமைச்சர்தான் பொறுப்பு, எனக்கு தெரியாதுன்னு ஒதுங்க முடியாதுன்னுட்டார். 1958 பிப்ரவரில டிடிகே ராஜினாமா.

அப்புறம் 1963ல அவரே மறுபடி நிதியமைச்சரா வந்துட்டார்ங்கறது தனிக்கதை. ஆனாலும் உங்க பாலிசிதாரருங்க காசு எங்க போச்சுன்னு சபையில கேட்ட ஒரு கேள்வியில தொடங்கினதுதானே இவ்ளோவும், நேரம் போக்குன்னு சொல்லாதீங்க சார்.

கொரோனா ரெண்டாவது அலைல ஆக்சிஜன் இல்லாம யாரும் சாகலன்னு பார்லிமென்டுல பதில் சொன்னாங்களே, எப்படி மனசு வந்துச்சு?
– நர்ஸ், செங்கல்பட்டு

நீங்க அந்த நாள்ல வார்டுல நின்னவங்க, உங்க கோவம் எனக்கு புரியுது. ஆனா பதிலை வார்த்தை வார்த்தையா படிங்க. 2021 ஜூலைல ராஜ்யசபால சுகாதாரத்துறை சொன்னது "யாரும் சாகல"ன்னு இல்ல, "ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததா மாநிலங்கள் குறிப்பிட்டு எதுவும் ரிப்போர்ட் பண்ணல"ன்னு, கூடவே சுகாதாரம் மாநிலப் பட்டியல்ல இருக்குன்னு ஒரு வரி. டெத் சர்டிபிகேட்ல ஆக்சிஜன் இல்லைன்னு யார் எழுதுவா? கொரோனான்னு எழுதுவாங்க, மூச்சுத்திணறல்னு எழுதுவாங்க, அதனால அந்த பதில் டெக்னிக்கலா பொய்யும் இல்ல, உண்மைன்னு சொல்லவும் நமக்கு வாய் வராது. மாநிலமும் அனுப்பல, மத்தியும் தோண்டிக் கேக்கல, ரெண்டு பேருக்கும் அது சௌகரியமா போச்சுங்கறது என் அபிப்ராயம். அதுக்கு முந்தின வருஷம் ஊரடங்குல நடந்தே ஊருக்கு போன தொழிலாளிங்க எத்தனை பேர் செத்தாங்கன்னு கேட்டதுக்கு அப்படி டேட்டாவே இல்லைன்னு பதில் வந்துச்சு. எண்ணாம விட்டுட்டா பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல பாருங்க.

எம்பிங்க காசு வாங்கிட்டு கேள்வி கேப்பாங்கன்னு சொல்றாங்களே?
– ஆட்டோ டிரைவர், திருப்பூர்

ரகசிய கேமராவுல மாட்டினாங்க. 2005 டிசம்பர்ல லோக்சபா 10, ராஜ்யசபா 1, மொத்தம் 11 பேர் பதவி போச்சு.

பட்ஜெட்ல லட்சம் கோடி கணக்குல செலவு பண்றாங்க, ஒவ்வொரு துறையா உக்காந்து கேள்வி கேட்டுதான் பாஸ் பண்றாங்களா?
– ஆடிட்டர் ஆபீஸ் ஊழியர், ஈரோடு

பண்ணணும். மானியக் கோரிக்கைன்னு, அதாவது எங்க துறை செலவுக்கு இவ்ளோ பணம் குடுங்கன்னு, துறைவாரியா வரும், அதுமேல பேசி, அமைச்சர் பதில் சொல்லி, ஓட்டு. நம்ம சட்டசபைல முக்கால்வாசி துறை பேச்சுக்கு வந்துடும், ஒவ்வொரு அமைச்சரும் கடைசில புது அறிவிப்பா அள்ளி விடுவார், டிவிக்காரங்களுக்கு அன்னைக்கு தீனி. டெல்லில ஒரு சில அமைச்சகத்தைத்தான் எடுத்து பேசுவாங்க, மிச்சத்தை எல்லாம் கடைசி நாள் மொத்தமா ஒரே ஓட்டுல பாஸ், அதுக்கு பேரே கில்லட்டின், தலைய வெட்ற மெஷின் இருக்கே அதே பேரு. 2018 மார்ச்ல அமளிக்கு நடுவுல ஒரு அமைச்சகம்கூட விவாதிக்கப்படாம எல்லாமே கில்லட்டின்ல போச்சு. ஆளுங்கட்சி பேச விடலன்னு அவங்க சொல்வாங்க, எதிர்க்கட்சி நடத்த விடலன்னு இவங்க சொல்வாங்க. உங்க ஆபீஸ்ல பில் இல்லாம ஒரு வவுச்சர் பாஸ் பண்ணிப் பாருங்களேன், ஆடிட்டர் விடுவாரா?

எங்க எம்பி வாயே திறக்கறதில்ல. நானே நேரா கேக்க வழி இருக்கா?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி

பார்லிமென்டுல முடியாதுங்க. 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடலாம், 30 நாள்ல பதில் வரணும். அந்த சட்டத்துல எனக்கு ரொம்ப புடிச்ச ஒரு வரி இருந்துச்சு, பார்லிமென்டுக்கோ சட்டசபைக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த ஆளுக்கும் மறுக்கக்கூடாதுன்னு. 2023ல பாஸ் பண்ணின டேட்டா பாதுகாப்பு சட்டத்துல அந்த வரிய தூக்கறதுக்கு வழி பண்ணிட்டாங்க, அதுக்கு பெருசா சத்தமே இல்ல.

இன்னொண்ணு, உங்க கேள்வி எந்த வாசலுக்குரியதுன்னு பாருங்க. தெருவிளக்கு எரியலன்னா அதுக்கு டெல்லி எதுக்கு? கிராமசபைக்கு போங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1னு வருஷத்துக்கு ஆறு தடவை, பஞ்சாயத்து வரவு செலவை படிச்சு காட்டணும், அங்க நோட்டீஸும் வேணாம் குலுக்கலும் வேணாம், துணைக் கேள்வி எத்தனை வேணா கேக்கலாம். எங்க ஊர்ல ஒரு தடவை நான் எந்திரிச்சு போர்வெல் மோட்டார் ரிப்பேர் ஒரே வருஷத்துல நாலு தடவை எழுதியிருக்கே, மோட்டாரை எங்க வெச்சிருக்கீங்க, காட்டுங்கன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் செயலாளர் எந்திரிச்சு சொன்னார்: "பரிசீலிக்கப்படும்."