வலி மாத்திரையை எப்போது நிறுத்துவது?

அன்புள்ள ஐயா,

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் தாயாருக்கு எழுதித் தரப்பட்ட டிரமடால் மாத்திரையை அவர் எட்டு மாதங்களாக எடுத்து வருகிறார். நாளுக்கு இரண்டாக இருந்தது இப்போது நான்காகிவிட்டது. இரவில் தூக்கத்துக்கு அல்பிரசோலமும் உண்டு. ஒரு வேளை தவறினாலும் கொட்டாவி, மூக்கில் நீர், கால் குடைச்சல், எரிச்சல் என்று தவித்துப்போகிறார். அம்மா போதைக்கு அடிமையாகிவிட்டார், நாளைக்கே நிறுத்திவிட வேண்டும் என்கிறார் அண்ணன். என்ன செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாத்திரைகளில் எதையும் திடீரென்று நிறுத்தாதீர்கள். டிரமடால், ஓபியாய்டு எனப்படும் அபின் போன்ற வலி மருந்துகளில் ஒன்று. மாதக்கணக்கில் ஓபியாய்டுக்குப் பழகிய உடலிலிருந்து அதை ஒரே நாளில் பறித்தால் வலி கடுமையாகத் திரும்பும். சிலருக்குத் தற்கொலை எண்ணம்கூட வரும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2019-இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அல்பிரசோலத்தைச் சட்டென்று விட்டாலோ வலிப்பே வரக்கூடும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அந்தத் தூக்க மாத்திரை பற்றிய வரிதான். ஓபியாய்டு மருந்துகள் மூளைத்தண்டில் மூச்சை நடத்தும் பகுதியை மந்தப்படுத்துகின்றன. அவற்றோடு அல்பிரசோலம் போன்றவை சேரும்போது அந்த மந்தம் கூடுகிறது. இவ்விரண்டையும் சேர்த்து எழுதுவதற்கு எதிராக 2016 முதல் அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே கட்டமிட்ட எச்சரிக்கை இருக்கிறது. இரவில் அவரைக் கவனியுங்கள். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி நீண்டு, தொண்டையில் கரகரவென்று குறட்டை கேட்டு, உதடு நீலம் பாரித்து, தோளைப் பிடித்து உலுக்கியும் கண் திறக்கவில்லை என்றால் அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். தக்க நேரத்தில் கொடுத்தால் நலாக்சோன் என்ற மருந்து மூச்சை மீட்கக்கூடும்.

அடுத்து, அண்ணன் சொன்ன சொல். கொட்டாவியும் கால் குடைச்சலும் மருந்து குறையும்போது உடல் காட்டும் அறிகுறிகள். சில வாரங்கள் தொடர்ந்து எடுத்த யாருக்கும் அவை வரலாம். கேடு விளைவது தெரிந்தும் கட்டுப்படுத்த முடியாமல் மருந்தைத் தேடிப் போவதைத்தான் மருத்துவம் அடிமைத்தனம் என்கிறது. முன்னது பின்னதாக மாறவும் கூடும், ஆகவே கவனம் தேவை. ஆனால் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்ட ஒரு தாயைக் குற்றவாளியாக நடத்துவது அநியாயம். அப்படி நடத்தினால் அவர் மாத்திரையை ஒளித்து வைக்கத் தொடங்குவார். அதன் பிறகு யாராலும் அவருக்கு உதவ முடியாது.

இரண்டு நான்கானதற்கும் உடலே காரணம். அதே அளவு மருந்து நாளடைவில் குறைவாகவே வேலை செய்யும். சிலருக்கு நெடுநாள் ஓபியாய்டே வலியுணர்வைக் கூர்மையாக்கிவிடும். வலி கூடுகிறது என்று டோஸைக் கூட்ட, டோஸ் கூடியதால் வலியும் கூடும். மலச்சிக்கல் மட்டும் எத்தனை மாதமானாலும் பழகுவதில்லை. தாயாரிடம் கேட்டுப் பாருங்கள், சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டிருப்பார்.

முடிவுத் தேதி இல்லாத மருந்துச்சீட்டுதான் இங்கே பெரிய பிழை என்பது என் உறுதியான எண்ணம். புற்றுநோய் அல்லாத வலிக்கு ஓபியாய்டு தொடங்கிய அமெரிக்க நோயாளிகளைப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வில், முதல் தடவை மருந்து எடுத்த காலம் எட்டு நாள் அல்லது அதற்கு மேல் என்றால் ஓராண்டுக்குப் பிறகும் மருந்தில் இருக்கும் வாய்ப்பு சுமார் 13.5 சதவீதம், 31 நாள் அல்லது அதற்கு மேல் என்றால் ஏறக்குறைய 30 சதவீதம். மருத்துவ உலகம் இத்தனை அலட்சியமாக இருந்ததற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1980-இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியானது: மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற 11,882 பேரில் நால்வருக்கு மட்டுமே அடிமைத்தனம் தெரிந்தது என்று. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தவர்களைப் பற்றிய அந்தச் செய்தி, வீட்டில் மாதக்கணக்கில் விழுங்குபவர்களுக்கும் ஆபத்தில்லை என்பதற்குச் சான்றாக நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் எடுத்தாளப்பட்டது. 1996-இல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையின் அடிமையாக்கும் ஆபத்தைக் குறைத்துக் காட்டியதாக அதைத் தயாரித்த பர்டூ நிறுவனம் 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் அழிந்திருந்தன.

இத்தனை ஆபத்தோடு பயன் அதிகமா என்றால் அதுவும் இல்லை. நாள்பட்ட முதுகுவலியோ, இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத்தேய்மான வலியோ கொண்ட 240 பேரை ஓராண்டு தொடர்ந்து, 2018-இல் வெளியான ஆய்வில், ஓபியாய்டு மற்ற வலி மருந்துகளைவிட மேலாக எதையும் செய்யவில்லை. இதைச் சொல்லும்போதே மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும்: புற்றுநோயின் கடும் வலிக்கும் இறுதி நாட்களின் வேதனைக்கும் மார்ஃபின் என்ற ஓபியாய்டு இன்றியமையாதது, பயத்தினால் அதை மறுப்பது கொடுமை.

உங்கள் தாயாரின் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். எட்டு மாதமாகியும் ஏன் வலிக்கிறது, செயற்கை மூட்டில் தொற்றோ தளர்வோ உண்டா என்று முதலில் கேளுங்கள். அதைப் பார்க்காமல் மாத்திரையை மட்டும் குறைப்பதில் பொருளில்லை. பிறகு இரண்டு மருந்துகளையும் வாரங்கள் அல்லது மாதங்கள் எடுத்துப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தை எழுதி வாங்குங்கள். குறைக்கும் வேகத்தில் தாயாரின் விருப்பத்துக்கும் இடம் இருக்க வேண்டும். கடையில் தாமாக வாங்கியவை உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை ஏதேனும் இருந்தால் அதை மறக்காமல் காட்டுங்கள், ஏனெனில் அவற்றில் பலவும் டிரமடாலோடு சேரும்போது வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

அன்புடன்