செல்லுக்கு நூறு பிரதி: அரிதான புரதங்களை மாஸ் ஸ்பெக்கில் அளப்பது பற்றிக் கேள்வி பதில்

மனித செல்லில் மிகக் குறைவாக இருக்கும் புரதங்களை, மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. இது பற்றி ஆய்வு மாணவர்களும் ஆய்வகத்தில் வேலை செய்பவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவி: அக்கா, "குறைவாக இருக்கும் புரதம்" என்கிறார்களே, எவ்வளவு குறைவு?

ஒரு மனித செல்லில் சில நூறு கோடி புரத மூலக்கூறுகள் இருக்கும். ஆக்டின், ஹிஸ்டோன் போன்றவை கோடிக்கணக்கில் இருக்கும். மரபணுக்களை இயக்கவும் நிறுத்தவும் செய்யும் புரதங்களில் பல சில நூறிலிருந்து சில ஆயிரத்துக்குள் நின்றுவிடும். அதிகமானதற்கும் அரிதானதற்கும் இடையே ஒரு கோடி மடங்கு வரை வித்தியாசம் வரலாம்.

செல்லுக்கு 100 பிரதி, அதாவது ஒரே புரதத்தின் 100 மூலக்கூறு, என்று வைத்துக்கொள். 10 லட்சம் செல்லில் 10 கோடி மூலக்கூறு. கேட்க நிறையப் போலத் தோன்றும், ஆனால் மோல் கணக்கில் அது வெறும் 0.17 ஃபெம்டோமோல் (1 ஃபெம்டோமோல் = 10⁻¹⁵ மோல்). டி.என்.ஏ.வாக இருந்தால் பி.சி.ஆரில் பெருக்கிக்கொள்ளலாம். புரதத்துக்கு அப்படி ஒரு வழி கிடையாது. இருப்பதை இழக்காமல் கருவி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. அதனால் என்னிடம் வரும் எல்லோரையும் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

செல் வளர்ப்பு செய்பவர்: அப்படியானால் செல்லை அதிகமாக வளர்த்துவிட்டால் போதாதா?

நியாயமான கேள்வி. நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். தடை வேறு இடத்தில் இருக்கிறது. புரதத்தை டிரிப்சின் என்ற நொதியால் பெப்டைடு எனும் சிறு துண்டுகளாக வெட்டித்தான் கருவிக்குள் விடுகிறோம். ஹீலா (ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்) மாதிரி ஒரு செல்லில் சுமார் 200 பிக்கோகிராம் புரதம் இருக்கும். கருவிக்கு முன்னால் இருக்கும் மெல்லிய பிரிப்புக் குழாயில் (நானோ காலம், column) வழக்கமாக ஏற்றுவது 1 மைக்ரோகிராம் அளவுதான். அதாவது ஏறக்குறைய 5,000 செல்லின் சரக்கு. நீங்கள் பத்துக் கோடி செல் வளர்த்தாலும் ஒரு தடவையில் உள்ளே போவது அந்த 5,000தான். செல்லுக்கு 100 பிரதி என்றால் மொத்தம் 5 லட்சம் மூலக்கூறு, 1 அட்டோமோலுக்கும் (ஃபெம்டோமோலில் ஆயிரத்தில் ஒன்று) குறைவு. அதிகமாக ஏற்றினால் பீக்குகள், அதாவது வரைபடத்தில் எழும் சிக்னல் முகடுகள், அகன்று போகும். கூட வரும் பெப்டைடுகள் மின்னேற்றத்துக்குப் போட்டி போட்டு உங்கள் பெப்டைடின் சிக்னலை அமுக்கிவிடும்.

ஆக, கருவிக்குப் போகும் முன்பே வேண்டாததைக் கழிக்க வேண்டும். செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் புரதம் என்றால் அந்தக் கருவை மட்டும் பிரித்தெடுங்கள், சைட்டோபிளாசத்தின் பெருங்கூட்டம் போய்விடும். நல்ல ஆன்டிபாடி கிடைத்தால் புரதத்தையே பிடித்து இழுக்கலாம். டிரிப்சினால் வெட்டியபின் பெப்டைடை ஆன்டிபாடியால் பிடிக்கும் சிஸ்காபா என்ற முறை 2004இல் வந்தது. அளவிடுவதற்கு எனக்கு அதுதான் பிடிக்கும். புரதம் எதனோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும், எப்படி மடிந்திருந்தாலும் வெட்டியபின் பெப்டைடு பெப்டைடுதான். ஆன்டிபாடியே இல்லையென்றால் காரத்தன்மையுள்ள கரைசலில் ஒருமுறை பிரித்து, உங்கள் பெப்டைடு வரும் பகுதியை மட்டும் எடுத்து ஓட்டுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பலன் உண்டு. செல்லை அதிகமாக வளர்த்தது இப்போதுதான் உதவிக்கு வரும்.

முனைவர் பட்ட மாணவர்: டி.டி.ஏ. முறையில் ஓட்டினேன். எட்டாயிரத்துக்கு மேல் புரதங்கள் பட்டியலில் வந்தன, என்னுடையது மட்டும் இல்லை. "இந்த செல்லில் இந்தப் புரதம் இல்லை" என்று எழுதலாமா?

தயவுசெய்து எழுதாதீர்கள். இந்தத் துறையில் என்னை மிகவும் வருத்தும் தவறு இதுதான். டி.டி.ஏ.வில் கருவி ஒவ்வொரு நொடியிலும் பலமாகத் தெரியும் அயனிகளை (மின்னேற்றம் பெற்ற பெப்டைடுகளை) பார்த்து உடைக்கிறது. பலவீனமான அயனிக்கு முறையே வராமல் போகலாம். ஒரு ஓட்டத்தில் வரும், அடுத்ததில் வராது. காணவில்லை என்பதைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு புள்ளியியல் போட்டால் முடிவே தப்பாகிவிடும். டி.ஐ.ஏ. முறை வரும் அயனிகளைத் தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் உடைப்பதால் இதை ஓரளவு சரிசெய்கிறது, என்றாலும் அரிதான புரதத்துக்குக் குறிவைத்துப் பார்ப்பதே நல்லது.

அப்படிக் குறிவைக்கும் முறைகள் இரண்டு: டிரிப்பிள் குவாட்ரபோல் வகைக் கருவி இருந்தால் எஸ்.ஆர்.எம்., ஆர்பிட்ராப் வகைக் கருவி இருந்தால் பி.ஆர்.எம். எந்த பெப்டைடு எந்த நிமிடத்தில் வரும் என்று கருவிக்குச் சொல்லிவிட்டால், அந்த நேரத்தில் அந்த அயனியை மட்டும் கூடுதல் நேரம் சேகரித்து அளக்கும். அப்படியும் வரவில்லையென்றால், "எங்கள் முறையின் கண்டறியும் எல்லை இவ்வளவு, அதற்குக் கீழே இருக்கிறது" என்று எழுதுங்கள். அது நேர்மையான முடிவு, பயனுள்ளதும்கூட.

அதே மாணவர்: எந்த பெப்டைடைத் தேர்ந்தெடுப்பது?

அந்தப் புரதத்தில் மட்டும் வருவதாக, 7 முதல் 20 அமினோ அமிலம் வரை இருப்பதாகப் பாருங்கள். மெத்தியோனின் ஆக்சிஜனேற்றம் அடையும், முதலில் குளுட்டமின் இருந்தால் வளையமாகிவிடும், இரண்டும் வேண்டாம். லைசினும் ஆர்ஜினினும் அடுத்தடுத்து வரும் இடத்தில் டிரிப்சின் ஒழுங்காக வெட்டாது. குறைந்தது இரண்டு பெப்டைடு வையுங்கள்.

ஆய்வகப் பணியாளர்: மேடம், கன ஐசோடோப்பு பெப்டைடு கட்டாயம் வேண்டுமா? விலை அதிகம் என்கிறார்கள்.

அளவு சொல்லப்போகிறீர்கள் என்றால் வேண்டும். உங்கள் பெப்டைடையே கார்பன்-13, நைட்ரஜன்-15 என்ற கனமான அணுக்கள் சேர்த்துச் செய்ததுதான் கன பெப்டைடு. அது லைசினில் முடிந்தால் 8 டால்ட்டன், ஆர்ஜினினில் முடிந்தால் 10 டால்ட்டன் கூடுதல் எடையோடு வரும். வெளியே வரும் நேரம், உடையும் விதம் எல்லாம் அதேதான். இரண்டும் ஒரே நொடியில், துண்டுகளின் விகிதமும் ஒத்துவந்தால் மட்டுமே அது உங்கள் பெப்டைடு என்று நம்பலாம்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்திருக்கிறேன். ஒருமுறை ஒவ்வொரு மாதிரியிலும் 100 ஃபெம்டோமோல் கன பெப்டைடு சேர்த்து வந்தேன். பீக்குகள் அழகாக இருந்தன, திரும்பத் திரும்ப ஒரே எண் வந்தது. பல வாரம் கழித்து, செல்லே இல்லாமல் கன பெப்டைடை மட்டும் ஓட்டினேன். அதிலும் கன அணு இல்லாத, அதாவது லேசான, பெப்டைடின் அதே பீக். கன பெப்டைடில் 1 சதவீதம் லேசானது கலந்திருந்தாலே 1 ஃபெம்டோமோல் ஆகிவிடும். நான் தேடிய புரதம் அதைவிடக் குறைவு. அத்தனை நாளும் நான் அளந்தது நானே ஊற்றியதை. அந்தத் தரவு முழுவதையும் தள்ளிவைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அதிலிருந்து கன பெப்டைடு மட்டும் உள்ள வெற்று ஓட்டம் இல்லாமல் எந்தத் தொகுப்பையும் தொடங்குவதில்லை. சேர்க்கும் அளவும் எதிர்பார்க்கும் அளவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று. வெட்டி முடித்தபின் பெப்டைடைச் சேர்த்தால், டிரிப்சின் வெட்டாமல் விட்டதை அது ஈடுசெய்யாது. கன ஐசோடோப்பில் செய்த முழுப் புரதம் கிடைத்தால் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

மருத்துவ ஆய்வாளர்: புரதத்துக்கான ஆர்.என்.ஏ. நிறைய இருக்கிறது, புரதம் மட்டும் தெரியவில்லை. முறையில் கோளாறா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எம்.ஒய்.சி., பி53 என்ற புரதங்கள் இரண்டுக்கும் சாதாரண நிலையில் அரை ஆயுள் அரை மணி நேரத்துக்குள்தான். செய்வதும் அழிப்பதும் வேகமாக நடப்பதால் எந்த நேரத்திலும் கையிருப்பு குறைவு. செல்லில் புரதங்களை அழிக்கும் புரோட்டியசோமைத் தடுக்கும் மருந்தை ஓரிரு மணி நேரம் கொடுத்துப் பாருங்கள். பீக் எழுந்தால் முறை சரி, புரதம்தான் சீக்கிரம் போய்விடுகிறது.

முதலில் கேட்ட மாணவி: அக்கா, செல்லை எண்ணாமல் செல்லுக்கு எத்தனை பிரதி என்று சொல்ல முடியுமா?

முடியும், ஓரளவுக்கு. 2014இல் வந்த புரோட்டியோமிக் ரூலர் என்ற முறை, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதமான ஹிஸ்டோனை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. செல்லில் ஹிஸ்டோனின் எடை டி.என்.ஏ.வின் எடைக்கு ஏறக்குறைய சமம். இருமய (குரோமோசோம்கள் இரட்டையாக உள்ள) மனித செல்லில் டி.என்.ஏ. சுமார் 6.5 பிக்கோகிராம். முழு ஓட்டத்தில் ஹிஸ்டோன் சிக்னலை வைத்து மற்றவற்றைக் கணக்கிடலாம். கருவை மட்டும் பிரித்த மாதிரியில் இதைச் செய்யாதே, புற்றுநோய் செல்லில் குரோமோசோம் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள். அரிதான புரதத்துக்கு இது தோராயம்தான். கன பெப்டைடோடு செல்லையும் எண்ணி வைத்துக்கொள்வதே மேல்.

ஆய்வகப் பணியாளர்: காலையில் வந்த சிக்னல் மாலையில் பாதியாகிவிடுகிறது. கருவியா, மாதிரியா?

பெரும்பாலும் குழாய். இவ்வளவு குறைந்த அளவில் பெப்டைடு பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத வகைக் குழாயை எடுங்கள், மாதிரியை முழுக்க உலரவிடாதீர்கள், நீர்த்த கரைசலை முதல் நாளே செய்துவைக்காதீர்கள். அப்புறம் காலையில் ஓட்டிய அதே குழாயையும், புதிதாகச் செய்த ஒன்றையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். புதியது பழைய உயரத்துக்கு வந்தால் கருவியைத் தொட வேண்டியதில்லை.