பத்து வார ஆங்கிலப் பயிற்சியில் சேர்வதா, ஐஇஎல்டிஎஸ் தேர்வை மறுபடி எழுதுவதா?

பிரிட்டனில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆனால் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் எழுத்துப் பகுதியில் 5.5 மட்டுமே வந்ததால் முதலில் பல்கலைக்கழகத்தின் பத்து வார ஆங்கிலப் பயிற்சியில் சேரச் சொல்கிறார்கள், அந்தக் கட்டணத்தை மிச்சப்படுத்தத் தேர்வையே மறுபடி எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கோத்தகிரிப் பக்கம் தமிழ்வழியில் படித்து, அதே 5.5 வாங்கி, அதே போன்ற பயிற்சிக்குப் போனவள்தான். பணம் புரட்ட முடியுமானால் பயிற்சியிலேயே சேருங்கள்.

தேர்வில் ஒரு மணி நேரத்துக்குள் 150 சொல்லில் ஒன்றும் 250 சொல்லில் ஒன்றுமாக இரண்டு விடைகள் எழுதினால் போதும். அதற்காக நான்கு மாதம் சனிக்கிழமைதோறும் மலையிறங்கிக் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போனேன், எந்தக் கேள்விக்கும் பொருந்தும்படி அவர்கள் கொடுத்த தொடக்க வரிகளை மனப்பாடம் செய்தேன், மதிப்பெண் அசையவில்லை. அசைந்திருந்தாலும் அந்தப் பழக்கத்தோடு முதுநிலை வகுப்பில் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன். அங்கே ஒரு கட்டுரையே இரண்டாயிரம், மூவாயிரம் சொற்களுக்கு நீளும். அதில் வரும் ஒவ்வொரு கருத்தும் யாருடையது என்று காட்டியாக வேண்டும்.

பயிற்சியின் மூன்றாவது வாரம் என் முதல் கட்டுரை திரும்பி வந்தது. ஒரு புத்தகத்திலிருந்து எடுத்து இரண்டொரு சொல்லை மட்டும் மாற்றி எழுதியிருந்த வாக்கியங்களை ஆசிரியை பென்சிலால் வட்டமிட்டு, 'இதைச் சொன்னது யார்?' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். புத்தக வரியை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண் என்று வளர்ந்த எனக்கு, அங்கே அதற்குக் கருத்துத் திருட்டு என்று பெயர், ஒழுங்கு நடவடிக்கை வரை போகும் என்பது அன்றுதான் தெரிந்தது. அவர் திட்டவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, புரிந்ததை வாயால் சொல்லச் சொன்னார். சொன்னதை எழுத வைத்தார். பக்கத்தில் நூலாசிரியர் பெயரையும் ஆண்டையும் போட வைத்தார். அந்த அரைமணி நேரத்துக்கே கட்டிய பணம் தகும் என்று இன்றும் நினைக்கிறேன்.

வாரம் ஒருமுறை வகுப்பின் முன் நின்று பேசவும் வேண்டும். நான் எங்கள் ஊர்த் தேயிலைக் கொழுந்து எடைபோடுதலை எடுத்துக்கொண்டேன்: அப்பா மூட்டையைத் தராசில் வைப்பதும், ஈரத்துக்கென்று எடையில் கழிப்பதும், கிலோவுக்கு என்ன விலை என்பது மாதக் கடைசியில்தான் தெரிவதும். எவ்வளவு கழிப்பது என்று முடிவு செய்வது யார் என்று ஒரு சீன மாணவி கேட்டாள். மனதுக்குள் தமிழிலிருந்து மொழிபெயர்க்காமல் நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னது அதுவே முதல் முறை.

தேர்வுக்கே தயாராவது தகுந்த சூழலும் உண்டு. எழுத்துப் பகுதியில் மட்டும் அரை மதிப்பெண் குறைந்து, கணினி வழியில் எழுதியிருந்தால், அந்த ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் மறுபடி எழுதும் வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் நிறையப் படிக்கும் பழக்கம் உள்ளவராக இருந்து, உங்கள் பல்கலைக்கழகமும் அந்த மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்ளுமானால் முயன்று பாருங்கள். படிப்பின் நடுவே பல பல்கலைக்கழகங்கள் இலவசமாக ஆங்கில வகுப்புகள் நடத்துகின்றன என்றாலும், வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் கிடைக்கும் அவை இந்தப் பத்து வாரத்துக்கு ஈடாகா.

பணம் கட்டுமுன் சிலவற்றை மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பயிற்சியின் இறுதி மதிப்பீட்டில் தவறினால் முதுநிலை இடம் என்ன ஆகும் (பெரும்பாலும் பறிபோகும்), பயிற்சிக்கும் படிப்புக்கும் ஒரே விசா போதுமா, அந்தப் பத்து வாரத் தங்குமிடத்துக்குத் தனிக் கட்டணமா என்பவை முக்கியம். கல்விக் கடனில் இந்தக் கட்டணத்தையும் சேர்க்க எங்கள் வங்கியில் பல்கலைக்கழகத்தின் தனிக் கடிதம் கேட்டார்கள். அது வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு இந்தப் பயிற்சி ஜூன் கடைசியிலோ ஜூலை முதலிலோ தொடங்கிவிடும் என்பதால், அந்தக் கடிதத்தை இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.