காட்டுக்குள் எடுத்துப்போக எந்தக் கத்தி?

கேள்வி: முதல்முறையாகக் காட்டுக்குள் நான்கு நாள் நடைப்பயணம் போகிறேன். சிக்கலில் மாட்டினால் உதவட்டும் என்று ஒரு கத்தி தேடுகிறேன். ஒன்று, முதுகில் ரம்பப் பல், கைப்பிடி மூடியில் திசைகாட்டி, பிடிக்குள் தூண்டில் முள், தீக்குச்சி எல்லாம் வைத்த பெரிய கத்தி. இன்னொன்று, பிளாஸ்டிக் பிடி போட்ட, பார்க்கச் சாதாரணமான சின்னக் கத்தி. விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்கலாம்?

பதில்: சின்னதை வாங்குங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

பெரிய கத்தியின் பிடி வெறும் குழாய். உள்ளே சாமான் வைக்க இடம் விட்டிருப்பதால் அலகு பிடியின் வாயோடு நின்றுவிடும். ஒரு மரையோ கொஞ்சம் பற்றவைப்போதான் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். கட்டையில் குத்தி நெம்பினால் பாரம் முழுவதும் அந்த ஓர் இடத்தில் இறங்கும், அங்கேயே ஒடியும். ஒரே இரும்புத் துண்டில் பிடியையும் சேர்த்துக் குடைந்து செய்த உறுதியான கத்திகளும் இருக்கின்றன, ஆனால் அவை இந்த விலைக்குக் கிடைக்காது. மூடியில் இருக்கும் திசைகாட்டியை நம்பி எந்தப் பக்கமும் நடக்க வேண்டாம்.

முதுகில் இருக்கும் பல்லுக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்க விமானப்படையினருக்குக் கொடுத்த கத்திகளில் அதை வைத்தது, விழுந்த விமானத்தின் மெல்லிய அலுமினியத் தகட்டை அறுத்துக்கொண்டு வெளியே வருவதற்காக. மரம் அறுக்க அல்ல. மரத்தில் இழுத்தால் தூள் வெளியேற வழியில்லாமல் பல் சிக்கி நிற்கும். அந்தப் பல் இருப்பதால் கட்டைவிரலை முதுகில் ஊன்றி அழுத்தவும் முடியாது. முதுகில் கட்டையால் தட்டி விறகு பிளக்கலாம் என்றால், தட்டுகிற கட்டையைப் பல் தின்றுவிடும்.

காட்டில் கத்தியால் உண்மையில் என்ன செய்கிறோம்? கயிறு அறுக்கிறோம், கூடாரத்துக்கு முளைக்குச்சி சீவுகிறோம், நனைந்த விறகைப் பிளந்து உள்ளே காய்ந்திருக்கும் பகுதியை எட்டுகிறோம், அதைச் சுருள் சுருளாகச் சீவித் தீ மூட்டுகிறோம், கட்டுப்போடத் துணி வெட்டுகிறோம், சாப்பாட்டுக்கு எதையாவது நறுக்குகிறோம். பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்கு 10 முதல் 12 செ.மீ. அலகு தாராளம். மணிக்கட்டுப் பருமனுள்ள கட்டையை அந்த நீளத்தில் பிளந்துவிடலாம். தடிமன் 2.5 முதல் 4 மி.மீ. வரை இருந்தால் போதும். 6 மி.மீ. தடிமனில் வருபவை நெம்புவதற்கு வேண்டுமானால் ஆகும். சீவ உட்கார்ந்தால் ஆப்பு மாதிரி இறங்கும்.

அலகின் வால் பிடியின் கடைசிவரை ஓடினால் விற்பவர்கள் அதை ஃபுல் டேங் என்பார்கள். இருந்தால் நல்லது, விறகு பிளக்கும்போது மனம் நிம்மதியாக இருக்கும். ஆனால் அது ஒன்றையே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. ஸ்வீடனிலிருந்து வரும் மோரா கத்திகளில் விலை குறைந்தவற்றுக்கு வால் கடைசிவரை போவதில்லை. இருந்தும், சீவுகிற வேலையில் பல மடங்கு விலையுள்ள கத்திகள் அவற்றிடம் தோற்கும். நீங்கள் சொல்லும் பிளாஸ்டிக் பிடிக் கத்தி அந்த வகையாக இருந்தால் இன்னும் நல்லது.

பிடியில் விரலுக்கு விரல் பள்ளம் தோண்டியதைத் தவிருங்கள். அது யாரோ ஒருவருடைய கைக்கு அளவெடுத்தது. பிடிக்கும் விதத்தை மாற்றினால் உங்கள் விரலை உறுத்தும். நிறம் பற்றி ஒரு வார்த்தை: காட்டு நிறத்தில் வருபவை படத்தில் அழகாக இருக்கும், சருகில் விழுந்தால் கண்ணில் படாது. ஆரஞ்சுப் பிடி வாங்குங்கள்.

கேள்வி: விளம்பரங்களில் 1095, 440, டி2, 14சி28என் என்று என்னென்னவோ போடுகிறார்கள். கார்பன் ஸ்டீல் நல்லதா, ஸ்டெயின்லெஸ் நல்லதா? ஸ்டெயின்லெஸ் கத்தியில் தீப்பொறி வராது என்கிறார்களே?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இந்தத் தவறான தகவலை நம்பியே பலர் கத்தி வாங்குகிறார்கள். ஃபெரோ ராட் எனப்படும் தீக்கோலைச் சுரண்டும்போது பொறி வருவது கோலிலிருந்து, கத்தியிலிருந்து அல்ல. கத்தி அந்தக் கோலிலிருந்து துணுக்குகளைப் பெயர்த்தெடுக்கிறது. அவை காற்று பட்டதும் சுமார் 3000 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரிகின்றன. அதற்குத் தேவை முதுகில் கூர்மையான 90 டிகிரி மூலை, அவ்வளவுதான். ஸ்டெயின்லெஸ், கார்பன், உடைந்த கண்ணாடித் துண்டு, எதுவும் செய்யும். முதுகை மழுமழுவென்று உருட்டியிருந்தாலோ, தடித்த கறுப்புப் பூச்சு பூசியிருந்தாலோதான் பொறி வராது. சிக்கிமுக்கிக் கல்லில் இரும்பைத் தட்டித் தீ மூட்டும் பழைய முறை வேறு. அதில் எரிவது இரும்புத் துணுக்கு, அதனால் அங்கே கார்பன் ஸ்டீல் தேவைப்படும். இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் இந்தப் பேச்சுக்கு மூலம்.

இனி எண்கள். 1095 ஒரு கார்பன் ஸ்டீல். அதன் கடைசி இரண்டு எண்கள் கார்பனின் அளவு, அதாவது சுமார் 0.95 சதவீதம். நன்றாகத் தீட்ட வரும், அடி தாங்கும், ஆனால் ஈரத்தோடு ஒரு ராத்திரி விட்டால் துரு பிடிக்கும். ஒரு உலோகத்தை ஸ்டெயின்லெஸ் என்று சொல்லக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். டி2-வில் 12 சதவீதம் போல இருக்கிறது, ஆனால் அதில் நிறையக் குரோமியம் கார்பனோடு கலந்து கெட்டிப்பட்டுவிடுவதால் துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. ஆக, டி2 துரு பிடிக்கும், கொஞ்சம் மெதுவாக. 440-இல் ஏ, பி, சி என்று மூன்று உண்டு, நல்லது சி. வெறுமனே 440 என்று மட்டும் போட்டிருந்தால் சி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருந்திருந்தால் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்பது எந்த ஒரு உலோகத்தின் பெயரும் அல்ல, விற்பனைப் பேச்சு.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்று: எந்த உலோகம் என்பதைவிட அதைச் சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் போட்ட விதம் முக்கியம். அதைப் பெட்டியின்மேல் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, தயாரிப்பாளரின் பெயரைத்தான் நம்ப வேண்டும். உலோகம் எவ்வளவு கடினம் என்று காட்டும் ராக்வெல் எண் (எச்.ஆர்.சி.) போட்டிருந்தால், காட்டு வேலைக்கு 56 முதல் 60 வரை சரி. அதற்கு ரொம்ப மேலே போனால் கூர் நாள்பட நிற்கும்தான், ஆனால் மழுங்கினால் காட்டில் உட்கார்ந்து தீட்டுவது பெரும்பாடு. விளிம்பு சில்லுச்சில்லாகப் பெயரவும் செய்யும்.

மழைக்காடு, கடலோரம், படகுப் பயணம் என்றால் ஸ்டெயின்லெஸ். அந்த வகையில் 14சி28என், 12சி27 இரண்டும் தீட்டவும் எளிது. எண்ணெய் தடவித் துடைத்து வைப்பதில் சலிப்பில்லாதவர் கார்பன் வாங்கலாம். எது வாங்கினாலும் தோல் உறைக்குள் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும்.

கேள்வி: மடக்குக் கத்தி ஒன்று இருக்கிறது. போதாதா?

பதில்: இரண்டாவது கத்தியாக அருமை. ஒரே கத்தியாக என்றால் வேண்டாம். மடங்கும் இடம்தான் அதன் பலவீனம். மணல் புகுந்தால் மக்கர் செய்யும், பக்கவாட்டில் நெம்பினால் தளரும். பூட்டு இல்லாதவை குத்தும்போது விரல்மேலேயே மடங்கும். பிரான்ஸின் ஓப்பினெல் மடக்குக் கத்தி மாதிரி வளையப் பூட்டு உள்ளவை பரவாயில்லை, அந்தப் பூட்டு 1955-லிருந்து இருக்கிறது. ஆனால் அதன் மரப்பிடி நனைந்தால் உப்பி, அலகைத் திறக்க வராமல் போகும்.

கேள்வி: அரிவாள் மாதிரிப் பெரிய கத்தியோ கைக்கோடாலியோ கூடவே வேண்டுமா?

பதில்: காட்டைப் பொறுத்தது. கொடியும் புதரும் பின்னிக் கிடக்கும் வெப்பமண்டலக் காட்டில், மெல்லிய தகட்டில் செய்த 30 முதல் 45 செ.மீ. நீள வெட்டுக்கத்திதான் ராஜா, நான் மேலே சொன்ன சின்னக் கத்தி அங்கே துணைக்குத்தான். பனி விழும் ஊசியிலைக் காடுகளில் ராத்திரி முழுவதும் தீ எரிய வேண்டும் என்றால் கோடாலி.

இரண்டும் இல்லாத சாதாரணப் பயணத்துக்கு நான் சொல்வது மடக்கு ரம்பம். 18 முதல் 21 செ.மீ. அலகு போதும். கை பருமனுள்ள கிளையைக் கத்தியால் வெட்டுகிற நேரத்தில் ரம்பத்தால் பல கிளைகளை அறுத்துவிடலாம். களைப்பும் குறைவு, கை தவறிக் காலில் விழுகிற பயமும் குறைவு. விலை கூடிய கத்தி ஒன்றுக்கு ஒதுக்கிய பணத்தைப் பிரித்து, நடுத்தர விலையில் ஒரு கத்தியும் நல்ல ரம்பமும் வாங்குங்கள். மிச்சத்தில் காயத்தில் ரத்தத்தை நிறுத்தக் கட்டும் துணிச்சுருள். அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. கத்தி வைத்திருப்பவருக்கு நேரும் காயத்தில் நிறைய அந்தக் கத்தியாலேயே நேர்வது. மடியில் கட்டையை வைத்துச் சீவாதீர்கள். தொடையின் உட்புறம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது.

கேள்வி: அலை அலையாகக் கோடு ஓடும் டமாஸ்கஸ் கத்தி ஒன்று தள்ளுபடியில் வருகிறது.

பதில்: அலமாரியில் வைக்க வாங்கலாம். மலிவு டமாஸ்கஸில் எந்தெந்த உலோகத்தைச் சேர்த்து அடித்தார்கள் என்று சொல்ல மாட்டார்கள். சிலவற்றில் அந்தக் கோடே அமிலத்தாலோ லேசராலோ மேலே வரைந்தது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய கத்தி வந்துவிட்டது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில், எதையும் வெட்டாதீர்கள். ஒரு குச்சி சீவினாலும் ‘பயன்படுத்திய பொருள்’ என்று திருப்பி எடுக்க மறுப்பார்கள். பார்ப்பதற்கு வெளிச்சமும் கண்ணும் போதும்.

விளிம்பை மேல்நோக்கி வைத்து விளக்கொளியில் பாருங்கள்; எங்கெல்லாம் வெள்ளையாக மின்னுகிறதோ அங்கெல்லாம் கூர் இல்லை. கைப்பிடிப் பக்கத்திலிருந்து முனைவரை நீளவாக்கில் பார்த்தால் அலகு வளைந்திருப்பது தெரியும். இரண்டு பக்கச் சரிவும் ஒரே அகலத்தில் இருக்கிறதா, பிடிக்கும் அலகுக்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று கவனியுங்கள். கூர் மந்தமாக இருப்பது தீட்டினால் சரியாகும், வளைவும் இடைவெளியும் சரியாகாது. அவற்றுக்குத் திருப்பி அனுப்புங்கள். அப்புறம் கத்தியை உறையில் போட்டு, கீழே கால் இல்லாத இடத்தில் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். விழுந்தால் அந்த உறை ஆபத்து.

பேர்பெற்ற கத்திகளுக்குப் போலி நிறைய. முத்திரை எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருந்தாலும், மற்ற எல்லாக் கடைகளையும்விட விலை பாதியாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ‘ஆயுட்கால உத்தரவாதம்’ என்று போட்டிருந்தால் சின்ன எழுத்தையும் படியுங்கள். பெரும்பாலும் அது உலோகத்திலோ செய்ததிலோ உள்ள குறைக்கு மட்டும்தான். துரு, நெம்பி ஒடித்தது, எறிந்தது, மின்சாணையில் கொடுத்துப் பதம் கெட்டது, இவை சேராது. சில நிறுவனங்கள் கட்டையால் தட்டி விறகு பிளப்பதையும் சேர்ப்பதில்லை, வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தீட்ட எதைக் கொண்டுபோவது? இரண்டு சக்கரத்துக்கு நடுவே இழுக்கும் கருவி எளிதாக இருக்கிறதே.

பதில்: அது எளிதுதான், ஆனால் விளிம்பைச் சுரண்டி உலோகத்தைக் கிழித்தெடுக்கும். உள்ளங்கை அளவுக்கு ஒரு வைரத் தகடு எடுத்துப்போங்கள், ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மழுமழுப்பு. பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி சாய்வு. சாய்வு பிடிபடவில்லை என்றால் விளிம்பில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டுத் தீட்டுங்கள். மை எங்கே அழிகிறது, எங்கே மிஞ்சுகிறது என்று பார்த்தாலே சாய்வைக் கூட்டவா குறைக்கவா என்று தெரிந்துவிடும். மோரா போன்ற கத்திகளில் அகலமான சரிவு ஒன்றே ஒன்றுதான். அதைக் கல்லில் படிய வைத்துத் தேய்த்தாலே போதும், அதனால்தான் புதியவர்களுக்கு அதைச் சொல்கிறேன். முடிவில் இடுப்புப் பெல்ட்டின் உட்புறத்தில் பின்னோக்கி இழுத்தால் பிசிறு போய்விடும்.

கேள்வி: விமானத்தில் கொண்டுபோகலாமா?

பதில்: கைப்பையில் கூடாது. சரக்காக அனுப்பும் பெட்டிக்குள், உறையோடு துணியில் சுற்றி வைக்கலாம். இறங்குகிற நாட்டின் சட்டத்தைப் போகும் முன்பே பாருங்கள். உதாரணமாக, பிரிட்டனில் காரணம் எதுவும் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்க முடிவது, பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்கு மேல் போகாத மடக்குக் கத்தி மட்டும். காட்டுக்குப் போகிற வழியில்கூட உறைக்கத்தியை இடுப்பில் தொங்கவிட வேண்டாம், பையின் அடியில் கிடக்கட்டும்.